இரண்டு பாலோ

டாக்டர் ஹாதிம் அரபியில் நினைத்து
இங்கிலீஷில் சொன்னார்.
நான் தமிழில் வாங்கி
வார்டில் பொறுக்கிய இந்தியில் கொடுத்தேன்.
தரை துடைக்கிற மொக்லேஸ்
மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு
கொமில்லா வங்காளத்தில்
பதினோராம் கட்டிலுக்குச் சொன்னான்.

கிளம்பும்போது அந்த வாக்கியத்தில்
ஈரல் இருந்தது.
இனி மருந்து வலிக்கு மட்டும் என்பது இருந்தது.
நாட்கள் என்ற சொல் இருந்தது,
வாரங்கள் இல்லை.

போய்ச் சேர்ந்தபோது
ஷஹாபுதீன் சிரித்தார்.

அவர் பாஷையில் எனக்குத் தெரிந்தது ஒரே சொல்:
பாலோ. நல்லது.
மொக்லேஸ் சொன்னதில் அது இரண்டு முறை வந்தது.
டாக்டர் சொன்னதில் ஒரு முறைகூட இல்லை.

லினன் அறையில் நிறுத்திக் கேட்டேன்.
"நீங்க சொல்றதுக்குச் சம்பளம் வாங்குறீங்க, பெனடிக்டா சிஸ்டர்.
நான் துடைக்கிறதுக்கு வாங்குறேன்.
எண்பது ரியால்.
அதுல இது வராது."
மடித்த போர்வைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.
இருவருக்கும் ஒரே கேம்ப், ஒரே சட்டி,
ஒன்பது வருஷம்.

லைசென்ஸ் தேர்வில் இதற்கு விடை உண்டு.
பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரை அழைக்கவும்.
'சி' என்று ஞாபகம்.
சரியாகத்தான் குறித்திருந்தேன்.
சோஹாரில் அன்று வியாழன் சாயங்காலம்.
ஞாயிறு காலை ஆள் வரும் என்றார்கள்.

இரவு ஜன்னலில்
துறைமுகத்துப் பக்கம் ரிஃபைனரிச் சுடர்
யாரோ ஊதி ஊதி அணையாத மெழுகுவர்த்தி மாதிரி.
இரண்டாம் கையெழுத்துக்கு வந்த ஷைனி
ஊசியைப் பிடித்தபடி தயங்கினாள்.
மூச்சு பத்துதானே இருக்கிறது, போடலாமா?
மூச்சை எண்ணியாயிற்று,
நெற்றியையும் பார் என்றேன்.
பார்த்தாள்.
அளவைச் சத்தமாகப் படித்தாள். கையெழுத்திட்டாள்.

மூன்று மணிக்கு நெற்றி விரிந்திருந்தது.
ஒரு விரலால் என்னைக் கூப்பிட்டார்.

வலது கையை விமானமாக்கி
விரிப்பிலிருந்து ஏற்றினார்.
டிரிப் பாட்டில் உயரம்வரை போகவில்லை.
பாதியில் திருப்பி
நெஞ்சின்மேல் இறக்கி
அங்கேயே வைத்துக்கொண்டார்.
இல்லை என்று தலையசைத்தார், இரண்டு தடவை.
நான் இல்லை என்று அசைக்கவில்லை.
ஆமாம் என்றும் அசைக்கவில்லை.
கையை மட்டும் எடுக்காமல் இருந்தேன்.

பிறகு கதவோரம் மொக்லேஸின் வாளியைக் காட்டினார்.
உதட்டில் விரல் வைத்தார்.
அதே சிரிப்பு.

கைக்கடிகாரத்தைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்து
மறுபடியும்
வாளி.

படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது.
நிலைமை தெரிவிக்கப்பட்டதா: ஆம்.
தெரிவித்தவர்:
'நோயாளி' என்று எழுதினேன்.
காலையில் இன்சார்ஜ் அதைச் சிவப்பில் வட்டமிட்டார்.

சனிக்கிழமை பஜ்ருக்குக் கொஞ்சம் முன்னால்.
முகத்தைக் கிப்லா பக்கம் திருப்ப வேண்டும் என்று
மொக்லேஸ்தான் சொன்னான்.
கட்டிலின் சக்கரப் பூட்டை நான் எடுத்துவிட்டேன்.
அவன் தள்ளினான்.

உடைமைப் பட்டியல்:
செருப்பு ஒரு ஜோடி.
போன் ஒன்று, கண்ணாடி உடைந்தது.
கைக்கடிகாரம் ஒன்று, மஞ்சள் உலோகம்.
தங்கமா என்று முடிவு செய்வது எங்கள் வேலையில்லை.
யாருக்கு என்பதற்கு அதில் இடமில்லை.
பையைக் கட்டினேன், தூதரகத்துக்கு என்று ஒட்டினேன்.
ஒட்டிய பிறகும் கொஞ்ச நேரம் கையிலேயே இருந்தது.

ஞாயிறு மொழிபெயர்ப்பாளர் வந்தார்,
இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் அடையாள அட்டை.
பதினோராம் கட்டிலில் வேறொருவர்
மலையாளத்தில் இருமிக்கொண்டிருந்தார்.

மொக்லேஸ் அந்தக் கட்டிலின் கீழே
தேவைக்கு அதிகமாகவே துடைக்கிறான்.
"கடைசியில அவர் என்கிட்ட ஏதாவது சொல்லச் சொன்னாரா, சிஸ்டர்?"

கடிகாரம் நாக்கு நுனிவரை வந்தது.
கூடவே அந்த விரலும் வந்து
உதட்டில் நின்றது.

பாலோ என்றேன்.
அவன் எண்ணிக்கொண்டிருப்பானோ என்று
இன்னொரு முறை சொல்லவில்லை.